பாலத்துச் சுவரில் வெள்ளைக் கல்

கல் மேல்பக்கச் சுவரில் இருந்தது. அதில் சந்தேகம் இல்லை. வெள்ளை வெங்கச்சங்கல், கைக்கு அடக்கமானது, அவருடைய கல்தான், அதிலும் சந்தேகம் இல்லை. அதை யார் எடுத்து அங்கே வைத்தார்கள் என்பதில்தான் சிவசைலம் காலங்காத்தாலே பாலத்தின் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றார். தான் வைத்திருந்தால் வைத்தது ஞாபகம் இருக்க வேண்டும். தான் வைக்கவில்லை என்றால் கல் அங்கே இருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டா என்று யோசித்தபடி, துணியுறைக்குள் இருந்த தூண்டில் கழியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து கல்லைப் பார்த்தார். இந்த ஓடைக்கு மீன் பிடிக்க வருகிறவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சுவரடியில் அவரவர் கல் கிடக்கும். முதலில் வருகிறவர் பாலத்துக்கு மேலே உள்ள தண்ணீருக்குப் போகிறார் என்றால் தன் கல்லை எடுத்து மேல்பக்கச் சுவரில் வைப்பார். கீழே போகிறார் என்றால் கீழ்ப்பக்கச் சுவரில். அடுத்து வருகிறவர் கல் இல்லாத பக்கம் போக வேண்டும். திரும்பும்போது கல்லை இறக்கி வைத்துவிட வேண்டும். ட்ரவுட் மீனுக்கு மனுஷன் நிழல் பட்டாலே ஆகாது. ஒருவர் நிற்கிற மடுவில் இன்னொருவரும் போய் நின்றால் இரண்டு பேருக்கும் மிஞ்சுவது ஜலதோஷம் மட்டும்தான். கீழ்ப்பக்கச் சுவரில் கறுப்புக் கல் இருந்தது. அது போஜ கவுடருடையது. மேட்டு நிலத்தில் கேரட் போடுகிற கவுடர்தான் இந்த ஓடையில் அவருக்கு இருக்கிற ஒரே கூட்டாளி. ஆகவே கவுடர் கீழே போயிருக்கிறார். சரி. வெள்ளைக் கல் மேலே இருப்பதால் சிவசைலம் மேலே போயிருக்கிறார். அதுவும் சரி. சட்டப்படி பார்த்தால் சிவசைலம் என்கிற அந்த மனுஷன் இந்நேரம் மேல்மடுவில் நின்று மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவர் பிடிக்கிற தண்ணீரில் இவர் போய்க் காலை வைப்பது முறையா? சிரிப்பு வந்தது. சிரித்து முடிவதற்குள் மறுபடி கல்லைப் பார்த்தார்.

குங்குமத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தக் குங்குமம் ஒரு தனிக்கதை. தேயிலை பறிக்கப் போகிற பெண் யாரோ, சுவரில் வெள்ளையாகத் தனியே உட்கார்ந்திருந்த கல்லைச் சாமி என்று நினைத்து மஞ்சளும் குங்குமமும் சாத்திவிட்டுப் போய்விட்டாள். கவுடர் வயிறு குலுங்கச் சிரித்தார். “சார், நீங்க சாமியாயிட்டீங்க. இனி நீங்க மீன் பிடிக்கக் கூடாது, நாங்க பிடிச்சுப் படைக்கணும்” என்றார். மஞ்சள் மழையில் கரைந்துவிட்டது. குங்குமம் மட்டும் கல்லின் சொரசொரப்பில் ஏறி நின்றுகொண்டது. அதிலிருந்து சிவசைலம் கல்லை வைக்கும்போது குங்குமம் அடியில் மறையும்படிதான் வைப்பார். மீனை ஏமாற்றுகிற காரியத்துக்குச் சாமியைச் சாட்சிக்கு இழுப்பானேன் என்று ஒரு கூச்சம். இப்போது குங்குமம் மேலே தெரிந்தது. அப்படியானால் வைத்தது அவர் இல்லை. ஆனால் குளிரில் விரல் விறைத்துப்போயிருந்தால் எது மேல், எது கீழ் என்று யார் பார்க்கிறார்கள்? யானைக்கும் அடி சறுக்கும். விரலைப் பார்த்தார். ஈரம் இருந்தது. கல்லை எடுத்ததால் வந்த ஈரமா, பனி ஈரமா? முகர்ந்துகூடப் பார்த்தார். சோப்பு வாசனைதான் வந்தது. முதலிலிருந்து வருவோம். மின்வாரியத்தில் இருந்தபோது மெஷின் நின்றுபோனால் அப்படித்தான் பார்ப்பார். தண்ணீர் நுழைகிற இடத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக. எழுந்தோம். பல் தேய்த்தோம். கோமதி காபி கொடுத்தாள். “இன்னைக்கும் போறியளா?” என்றாள். “கவுடர் வாராருல்லா?” என்றார் இவர். “அவரு வருவாரு. நீங்க திரும்பி வரணும்லா” என்றாள். இது இன்றைக்கா, போன தடவையா? காபி சூடாக இருந்தது, அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் கோமதி கொடுக்கிற காபி என்றைக்குத்தான் சூடாக இல்லை?

அவள் அப்படிச் சொன்னதற்கும் காரணம் உண்டு, இல்லாமல் இல்லை. ஒருநாள் ஓடையிலிருந்து திரும்பும்போது, கண்ணைக் கட்டிவிட்டாலும் நடந்துவிடுகிற பாதையில், வலது கைப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் இடது கைப்பக்கம் திரும்பிவிட்டார். ஏதோ ஒரு ஊர் டீக்கடை வந்தது. இது எந்த ஊர் என்று கேட்க வெட்கமாக இருந்ததால் டீக்கு மேல் டீயாகக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் கடைக்காரரே சந்தேகப்பட்டு, பையில் இருந்த போனை வாங்கி வீட்டுக்குப் பேசினார். கோமதி ஜீப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும்தான் பிடித்துக்கொண்டாள். “இன்னொரு தடவை இப்பிடி ஆச்சுன்னா மூட்டையக் கட்டிருவேன். மதுரைக்கு, சங்கரி வீட்டுக்குப் போயிருவோம். அங்கன மொட்டைமாடியில உக்காந்து கொடிக்கயித்துல தூண்டி போடுங்க” என்றாள். சொன்னாள் என்றால் செய்வாள். மகள் சங்கரியும் மருமகனும் நல்லவர்கள்தான், அறை ஒன்று தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்களாம், ஏசி போட்டிருக்கிறார்களாம். குளிரை விட்டுவிட்டு வந்தவனுக்குக் காசு கொடுத்துக் குளிர். அவருக்கு இந்த ஓடை போதும். இதை விட்டுவிட்டால் அப்புறம் தான் யார் என்பது அவருக்கே சரியாகத் தெரியாது. அண்ணன் நினைவு வந்தது. வரக் கூடாது என்று நினைக்கும்போதெல்லாம் தவறாமல் வருகிற அண்ணன். அம்பாசமுத்திரத்து வீட்டில் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊட்டிவிட்டுக்கொண்டிருந்த அண்ணியைப் பார்த்து, “நீங்க யாரு வீட்டுப் பொண்ணும்மா? இவ்வளவு பொறுமையா இருக்கியளே” என்று மரியாதையாகக் கேட்டான். அண்ணி சிரித்தாள். சிரித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனாள். வெகுநேரம் வரவில்லை. அண்ணன் ஆள் வேறு, நாம் வேறு. அவன் வெற்றிலை போடுவான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தன்னையே கேட்டுக்கொண்டு, எப்படியானாலும் கல் தன்னுடையது, கல் மேலே இருக்கிறது, ஆகவே மேலே போவதில் தப்பில்லை என்று ஒரு தீர்ப்பைச் சொல்லிக்கொண்டு சிவசைலம் பாலத்தை விட்டு இறங்கினார். பை தோளில் இடிக்க, கையை வீசிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறினார்.

நடந்தால் தெளியும். எப்போதும் நடந்தால் தெளியும். பனி பாதையோரப் புதர்களில் சொட்டிக்கொண்டிருந்தது, இடது பக்கம் ஓடை பேசிக்கொண்டே கூட வந்தது. இன்று மூங்கில் கழியைத்தான் எடுத்தோம். அதில் குழப்பம் இல்லை. அலமாரி முன்னால் நின்று வெகுநேரம் யோசித்து எடுத்தது. மருமகன் வாங்கிக் கொடுத்த கார்பன் கழி லேசுதான், வீசினால் கைக்குச் சுமையே தெரியாது, ஆனால் அதில் துண்டுகள் அதிகம். எந்தத் துண்டு எதற்குள் போகும் என்று பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். மூங்கில் இரண்டே துண்டு, அடி, நுனி, தீர்ந்தது. எஸ்டேட் துரை ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போனது. கனமானது, மெதுவானது, மழை பட்டால் துடைத்துத் துடைத்து வைக்க வேண்டும். கேட்கிறவர்களிடம், “மூங்கில்ல மீன் மாட்டுனா கையில துடிப்பு தெரியும், அந்தச் சுகம் கார்பன்ல வராது” என்பார். உண்மைதான். ஆனால் காலையில் மூங்கிலை எடுத்தது துடிப்புக்காகவா, துண்டு குறைவு என்பதற்காகவா? இந்தக் கேள்வியை அவர் பாதையிலேயே விட்டுவிட்டு மேலே நடந்தார். கவுடருக்கு இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. இறகைக் கட்டிச் செய்கிற பொய்ப்பூச்சி பக்கமே அவர் வர மாட்டார். தூண்டில் நரம்பு நுனியில் பளபளவென்று ஒரு தகட்டைக் கட்டி விசிறி எறிந்து இழுப்பார், மீன் அதைக் குஞ்சு மீன் என்று நினைத்துத் துரத்தும். “மீனுக்கு மூக்குத்தியக் காட்டிக் கூட்டிட்டு வாறீரே, இதுவும் ஒரு பொழப்பா?” என்று இவர் கேட்பார். “நீங்க மட்டும் என்னங்க சார், சேவல் மயிரக் கட்டி ஈன்னு சொல்றீங்க. ரெண்டு பேரும் பொய்தான். என் பொய் பளபளன்னு இருக்குது” என்பார் கவுடர். நல்ல மனுஷன். சண்டை போட ஏற்றவர். மேலே இருப்பவன் காலை ஆட்டினால் கீழே இருப்பவனுக்குக் கலங்கல்தான் வரும், அதற்காக ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. முன்பெல்லாம் மேல்தண்ணிக்காக ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு வருவார்கள். இப்போது கொஞ்ச நாளாக எப்போது வந்தாலும் கவுடர் கல் கீழ்ப்பக்கச் சுவரில்தான் இருக்கிறது. ஏன், மேல்மடு கசந்துவிட்டதா அவருக்கு?

எல்லோரும் கவுடர் ஆகிவிட முடியுமா. அந்தப் பெங்களூர்ப் பையன் இருந்தானே. இடுப்புக்கு மேல் ஏறுகிற ரப்பர் கால்சட்டை, மார்பு நிறையச் சின்னச் சின்னப் பைகள், கத்தரிக்கோல் ஒரு பக்கம், வலை முதுகில், தண்ணீரில் நின்றால் சின்னப் பாத்திரக்கடை மாதிரி இருப்பான். கல் வழக்கத்தைக் கவுடர்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். சொல்லியும், ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவசைலம் மடுவுக்கு வந்தால் அவன் நட்டநடுவில் நின்று வீசிக்கொண்டிருந்தான். இவருக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னோம் என்றே தெரியாமல் சொல்லிவிட்டார். “என் கல்லு சுவத்துல இருக்கது கண்ணு தெரியலையா? படிச்சவன்தானே நீ?” என்று கத்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவன் திருதிருவென்று விழித்தான். “அங்கிள், கல்லு இல்லையே” என்றான். நேருக்கு நேர் நின்று பொய். அதற்குள் கவுடர் மேலே ஏறி வந்து, அவன் தோளில் கையைப் போட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் அவன் இந்தப் பக்கம் வரவே இல்லை. நல்லதுதான். தண்ணீர் எல்லோருக்கும் பொது, ஒத்துக்கொள்கிறோம், ஆனால் பொதுவான பொருளில்தானே ஒழுங்கு வேண்டும்? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சும்மாவா சொன்னார்கள். இருந்தாலும் அந்தப் பையன் முகம் அடிக்கடி வருகிறது. பொய் சொல்கிறவன் முகம் அப்படி இருக்காது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்ற முகம். அதை நினைத்தால் நெஞ்சில் மீன்முள் சிக்கினது போல இருக்கிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மடு வந்துவிட்டது. மேலே பாறையிடுக்கில் தண்ணீர் வெள்ளையாக இறங்கி, கீழே வந்ததும் கறுத்து அமைதியாகிவிடுகிற இடம். எப்போதும் உட்கார்கிற பாறையில் உட்கார்ந்தார். முதலில் பூச்சியைத் தேர்ந்தெடுத்து நரம்பில் கட்டி முடித்த பிறகுதான் கழியைத் தொடுவார், அது அவர் பழக்கம். கழி பின்னால், காட்டுப்பூவரச மரத்தில் சாய்ந்திருக்கிறது. பையிலிருந்து வெற்றிலைச் செல்லத்தை எடுத்தார். மாமனார் கல்யாணத்துக்குச் செய்து கொடுத்த பித்தளைச் செல்லம். வெற்றிலை போடாத மாப்பிள்ளைக்கு எதற்குச் செல்லம் என்று இத்தனை வருஷமும் யாரும் கேட்கவில்லை. பாக்கு இருக்க வேண்டிய அறையிலும் கிராம்பு இருக்க வேண்டிய அறையிலும் அவர் தன் கையால் கட்டிய பொய்ப்பூச்சிகள் இருந்தன. சேவல் கழுத்து இறகு, மயில் இறகின் நூல், முயல் மயிர். புத்தகத்தில் அவற்றுக்கெல்லாம் வெள்ளைக்காரப் பெயர்கள் உண்டு. அவை நாக்கில் நிற்காததால் ஆபீசில் கூட வேலை பார்த்தவர்களின் பெயரையே வைத்துவிட்டார். தடித்துப் பழுப்பாக, தண்ணீரில் விழுந்ததும் அசையாமல் உட்கார்ந்துகொள்வது சூப்பிரண்டு. கறுப்பாக மெலிந்து எங்கும் ஒட்டிக்கொள்வது பில் கலெக்டர். வெயில் என்றால் பில் கலெக்டர், தண்ணீர் கலங்கலாக இருந்தால் சூப்பிரண்டு. பனி விலகாமல், காற்றும் இல்லாமல், தண்ணீர் தெளிவாகவும் கறுப்பாகவும் இருக்கிற இன்று போன்ற நாளுக்கு மஞ்சள் வயிறும் சாம்பல் இறகும் உள்ள ஒன்று. இதோ இருக்கிறது. இதன் பெயர்? ஆபீசில் மஞ்சள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருவானே, ஊறுகாய் பாட்டிலைச் சுற்றுக்கு விடுவானே, பெஞ்சாதி பிரசவத்துக்கு இவர்தான் ஜீப் ஓட்டிக்கொண்டு போனார். அவன் பெயர். முகம் இருக்கிறது, ஸ்வெட்டர் இருக்கிறது, ஊறுகாயின் புளிப்புக்கூட நாக்கில் இருக்கிறது, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் செல்லத்தின் காலி அறை மாதிரி ஒரு காலி. போகட்டும். பெயர் தெரியாவிட்டால் மீன் கடிக்காதா என்ன? ஆனால் பெயர் தெரியாத ஆளை எப்படித் தண்ணீரில் விடுவது? சூப்பிரண்டை எடுத்தார், வைத்தார். பில் கலெக்டரை எடுத்தார், வைத்தார். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பது இதுதான். கடைசியில் பெயர் இல்லாதவனையே எடுத்தார்.

முடிச்சு. அதில் எல்லாம் தெரிந்துவிடும். காலையிலிருந்து அவர் தனக்குத்தானே வைத்திருந்த பரீட்சை அதுதான், வெளியே சொல்லாத பரீட்சை. முடிச்சு விழுந்தால் ஒன்றும் இல்லை, கல் சங்கதி சும்மா ஒரு கவனப் பிசகு, எல்லோருக்கும் வருவது. விழாவிட்டால். விழாமல் என்ன? வாய்க்குள் சொல்லிக்கொண்டே கட்டுவார், அது பாட்டு மாதிரி தானாக வரும். கண்ணுக்குள்ளே போ, கழுத்தைச் சுத்து, திரும்பி வா, வீட்டுக்குள்ளே போ, எச்சில் தொட்டு இழு. முள்ளின் கண்ணுக்குள் நரம்பை விட்டார். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, இறக்கிக்கொண்டு, ஒருவழியாக விட்டார். கழுத்தைச் சுற்றினார். திரும்பி வா. எங்கே திரும்பி வருவது? சுற்றியதற்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதற்குள். அந்த ஓட்டையைக் காணவில்லை. பிரித்தார். மறுபடி கண்ணுக்குள்ளே போ. கழுத்தைச் சுத்து. திரும்பி வா, வீட்டுக்குள்ளே. அவரு வருவாரு, நீங்க திரும்பி வரணும்லா. சின்ன ஓட்டைக்குள் விட்டதாக நினைத்து இழுத்தால் நரம்பு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது, பெயரில்லாதவன் மடியில் விழுந்தான். விரல்களைப் பார்த்தார். இவை தெரிந்த விரல்கள்தானா? ஆயிரம் தடவை கட்டிய முடிச்சு. இருட்டில் கட்டியிருக்கிறார், மழையில் கட்டியிருக்கிறார், கவுடரோடு அரசியல் பேசிக்கொண்டே குனிந்துகூடப் பார்க்காமல் கட்டியிருக்கிறார். பார்க்காமல் இருந்தால் வருமோ? கண்ணை மூடிக்கொண்டு முயன்றார். விரலில் முள் ஏறியது. துளி ரத்தம் வந்தது, குங்குமம் மாதிரி. குங்குமம் மேலே இருந்ததே. யார் வைத்தது? அழுகை வரும் போல இருந்தது. பயமாக இருந்தது, இரவில் மின்சாரம் நின்றபோது சின்ன வயதில் வருமே அந்தப் பயம், அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாளா என்று தடவிப் பார்க்கிற பயம். விடக் கூடாது. கழியை எடுத்துக் கையில் பிடித்தால் கை தானாக ஞாபகத்துக்கு வரும் என்று தோன்றியது. திரும்பி, காட்டுப்பூவரச மரத்தைப் பார்த்தார். மரம் இருந்தது. மரத்தில் ஒன்றும் சாய்ந்திருக்கவில்லை.

“சார்.”

பாதையில் கவுடர் நின்றுகொண்டிருந்தார். தலையில் கம்பளித் துண்டு, மூச்சு வாங்கியது. கீழ்த்தண்ணிக்குப் போனவர், கல் இருக்கும்போது மேலே ஏறி வந்திருக்கிறார். அந்தப் பெங்களூர்ப் பையனைக் கூட்டிப்போக வந்த நாளைத் தவிர, இத்தனை வருஷப் பழக்கத்தில் இப்படி ஒருநாளும் செய்ததில்லை. சிவசைலத்துக்குப் பயம் எல்லாம் ஒரே நொடியில் கோபமாகத் திரும்பியது. அப்படித் திரும்பியதில் ஒரு ஆறுதலும் இருந்தது.

“ஓய் கவுடரே, என்ன இது? கல்லு மேல இருக்கது உமக்குமா கண்ணுல படல?”

கவுடர் பக்கத்தில் வந்தார். கையில் இருந்ததை நீட்டினார். துணியுறைக்குள் மூங்கில் கழி.

“பாலத்துச் சுவத்துலயே சாச்சு வச்சிட்டு வந்துட்டீங்க. ரோட்டுல போற யாராவது எடுத்துட்டா என்ன பண்றதுன்னு...”

“நான் இங்கதான வச்சேன். இந்த மரத்துல.”

“அது வேற நாளு சார்.”

தண்ணீர் பேசுகிற சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. சிவசைலம் கழியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதன் கனம் தொடைமேல் உட்கார்ந்தது. கழி இல்லாமல் மீன் பிடிக்க வந்து, எந்தப் பூச்சி, எந்த முடிச்சு என்று இவ்வளவு நேரம். தாலி இல்லாமல் கல்யாணத்துக்கு நாள் பார்த்த கதை. கவுடரின் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி இல்லை.

“கவுடரே, ஒண்ணு கேக்கேன். அந்த வெள்ளைக் கல்ல யாரு வச்சா?”

கவுடர் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தார். கால்களுக்கு நடுவே தரையைப் பார்த்தார். “நான்தானுங்க சார்.”

“நீரா? என் கல்ல நீரு ஏன் வைக்கணும்?”

“கொஞ்ச நாளாவே நான்தான் வச்சிட்டிருக்கேன். வெள்ளன வந்து உங்க கல்ல மேல வச்சிட்டு, என் கல்ல கீழ வச்சிட்டு எறங்கிருவேன். நீங்க வைக்க மறந்துடறீங்க சார். அன்னிக்கு அந்தப் பெங்களூர்ப் பையனை அவ்வளவு திட்டினீங்களே, அன்னிக்குச் சுவத்துல கல்லே இல்ல. நான் பாத்துட்டுத்தான் மேல வந்தேன். அவன் பாவம், அழுதுட்டே போனான். அதுலருந்து...”

முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. சிவசைலத்துக்கு அவமானமாக இருந்தது. அந்தப் பையனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது, அவன் பெயர்கூடத் தெரியாது. எல்லாவற்றுக்கும் அடியில், கலங்கல் தெளிந்த தண்ணீரில் தரை தெரிவது போல, ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அண்ணனுக்கு வந்ததுதான் வந்திருக்கிறது. காலையிலிருந்து குழம்பிய குழப்பத்தில் இந்த ஒன்று மட்டும் குழப்பமே இல்லாமல் இருந்தது.

“கோமதிக்குத் தெரியுமா?”

“அம்மா கேட்டாங்க. போன் பண்ணிக்கூடக் கேட்டாங்க. ஒண்ணுமில்லம்மா, சார் நல்லாத்தான் இருக்காருன்னு சொல்லிட்டேன்.”

“ஏன்?”

“சொன்னா உங்களை மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க.” கவுடர் துண்டை இழுத்து விட்டுக்கொண்டார். “எனக்கு மட்டும் இந்த ஓடையில வேற யார் சார் இருக்காங்க? தகடு மூக்குத்தின்னு யார் வந்து சண்டை போடுவாங்க?”

சிவசைலம் சொன்னார், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, கையை விட்டுப் போய்விடுமோ என்று பயந்து பயந்து: “இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் கோமதிகிட்ட நானே சொல்லிருதேன். அவகிட்ட மறைக்கது பாவம். ஒம்ம கையில ஒண்ணு கேக்கேன், செய்வீரா? இனிமே நான் எப்ப என்ன கேட்டாலும் உள்ளதச் சொல்லும். திருப்பித் திருப்பிக் கேட்டாலும் சொல்லும். என்னைய அண்ணன் மாதிரி ஆக்கிராதேயும். அவன எல்லாரும் சமாதானம் சொல்லிச் சொல்லியே ஏமாத்துனாங்க. நான் எங்க நிக்கேன்னு எனக்குத் தெரியணும்.”

“சரிங்க சார்.”

“தண்ணி மேல சத்தியம் பண்ணும்.”

கவுடர் எழுந்து போய், குனிந்து, மடுவில் கையை நனைத்துவிட்டு வந்தார். ஈரக் கையாலேயே நரம்பை வாங்கிப் பெயரில்லாத பூச்சியைக் கட்டினார். முள்ளின் கண்ணுக்குள் விட்டு, சுற்றி, சின்ன ஓட்டை வழியாகத் திரும்பி, பெரிய வளையத்துக்குள் நுழைத்து, எச்சில் தொட்டு இழுத்தார். ஓட்டை அங்கேயேதான் இருந்தது. சிவசைலம் பார்த்துக்கொண்டே இருந்தார். “பூச்சி கட்டத் தெரியாதும்பீரே.” “தெரியும் சார். புடிக்காது, அவ்வளவுதான்” என்றார் கவுடர்.

சிவசைலம் கழியைச் சேர்த்து, நின்று, தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வீசினார். கை மறக்கவில்லை. மனசு மறந்ததை எல்லாம் தோள் பத்திரமாக எடுத்து வைத்திருந்தது. எப்போது நிறுத்த வேண்டும், பின்னால் நரம்பு நீண்டு முடிகிற அந்த அரைக் கணம் எது, எப்போது முன்னால் விட வேண்டும், எல்லாம் இருந்தது. நரம்பு பனிக்குள் போய் நேராக விழுந்தது, மஞ்சள் வயிறு சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கி உட்கார்ந்து, நீரோட்டத்தோடு மெல்ல வந்தது. மறுபடி வீசினார். குளிர் காற்று காதோரம் போயிற்று. சந்தோஷமாக இருந்தது, இப்படி ஒரு சந்தோஷம் வந்து எவ்வளவு நாளாயிற்று. மறுபடி வீசினார். கறுப்புத் தண்ணீருக்குள் ஒரு வெளிச்சம் புரண்டது. இழுப்பு. மூங்கில் வளைந்து, கைக்குள் அந்தத் துடிப்பு வந்தது, மணிக்கட்டில், முழங்கையில், நெஞ்சில், அப்போது எங்கிருந்தோ, கேட்காமலேயே, பெயரும் வந்தது. “பாக்கியநாதன்!” என்று கத்தினார். “பாக்கியநாதன், கவுடரே! மஞ்ச ஸ்வெட்டரு! பொண்ணு பொறந்துச்சு அவனுக்கு, ஜீப்புல வச்சே பொறந்துரும்னு பயந்தோம்!” கவுடர் வலையோடு தண்ணீரில் இறங்கினார். சின்ன மீன்தான், ஆனால் அழகான மீன், வயிற்றோரம் சிவப்புப் புள்ளிகளோடு. முள்ளைக் கழற்றி, நீரோட்டத்துக்கு எதிராகக் கொஞ்ச நேரம் பிடித்திருந்து விட்டுவிட்டார்கள். அது நின்று யோசித்துவிட்டுப் போயிற்று.

இறங்கி வரும்போது பாக்கியநாதன் கூடவே வந்தான். அவன் ஊறுகாய், அவன் பெஞ்சாதியின் பெயர் மேரி எலிசபெத், ஆஸ்பத்திரி வாசலில் அவன் இவர் தோளில் சாய்ந்து அழுதது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு பிசிறு இல்லாமல். சிவசைலம் சொல்லிக்கொண்டே நடந்தார், கவுடர் உம் கொட்டிக்கொண்டே பின்னால் வந்தார். பனி விலகி வெயில் ஏறியிருந்தது. பாலம் வந்தது. கவுடர் தன் கறுப்புக் கல்லைக் கீழ்ப்பக்கச் சுவரிலிருந்து இறக்கி வைத்தார். மேல்பக்கச் சுவரில் வெள்ளைக் கல் இருந்தது. குங்குமம் மேலே தெரிய இருந்தது. சிவசைலம் அதன் முன்னால் போய் நின்றார். காலையிலிருந்து இதில் ஏதோ ஒரு சிக்கல் இருந்தது, அவர் அதை அவிழ்க்காமல் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

“கவுடரே, இந்தக் கல்ல யாரு வச்சா?”

கவுடர் நின்றுவிட்டார். பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார். சட்டைக் கையின் முனை இன்னும் ஈரமாக இருந்தது. சிவசைலத்தின் முகத்தைப் பார்த்தார்.

“நீங்கதான் சார்” என்றார். “வெள்ளனவே வந்து வச்சிட்டீங்களே.”

“அதான பாத்தேன்” என்றார் சிவசைலம். பாரம் இறங்கியது. தான் வைத்தது தனக்கே மறந்துபோயிற்றோ என்று காலையில் என்ன பயம் பயந்துவிட்டோம். கல்லை எடுத்தார், வெயிலில் காய்ந்து லேசாகச் சூடாக இருந்தது, குங்குமம் அடியில் போகும்படி திருப்பிச் சுவரடியில் வைத்தார். தன் கழி ஏன் கவுடர் கையில் இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. சுமந்து வரட்டும், நல்ல மனுஷன். வீட்டுக்குப் போனதும் கோமதியிடம் சொல்ல வேண்டிய சங்கதி ஏதோ ஒன்று இருந்தது. நல்ல சங்கதியாகத்தான் இருக்க வேண்டும். நடந்தால் வழியில் ஞாபகம் வந்துவிடும்.